வாரம் ஒரு மாத்திரை, தினம் ஒன்றானது எப்படி?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 61 வயது. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாத நிலை. ஒரு தனியார் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் முடக்குவாதம் என்று கண்டறிந்து, ஒரு மாதத்துக்கு மருந்து எழுதியிருக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் 10 மில்லிகிராம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று. ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் தினம் ஒன்று. கீழ்த்தளத்தில் இருந்த மருத்துவமனை மருந்தகத்தில் மதியம் ஒன்றரை மணிக்குப் பெருங்கூட்டம். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் ஓர் இளைஞர் மாத்திரைகளைக் காகிதக் கவர்களில் போட்டுத் தந்திருக்கிறார். மெத்தோட்ரெக்சேட் கவரில் 'இரவு' கட்டத்தில் டிக். ஃபோலிக் ஆசிட் கவரில் பேனாவால் 'ஞாயிறு'. அதாவது, இரண்டும் இடம் மாறிவிட்டன.

அம்மா கவரில் இருந்தபடியே சாப்பிட்டார். எட்டாம் நாள் வாயெல்லாம் புண். வெயில் சூடு என்று நினைத்து மணத்தக்காளிக் கீரையும் மோரும் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. பதினோராம் நாள் இரவு மாத்திரை போட்ட பிறகு குளிர்க் காய்ச்சல். வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 1,400, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 38,000; இரண்டுமே மிகக் குறைவு. எட்டு நாள் உள்நோயாளியாக இருந்து பிழைத்து வீடு திரும்பியிருக்கிறார். செலவு ஒரு லட்சத்துக்கு மேல்.

முதல் மருத்துவமனையில் போய்க் கேட்டதற்கு, "நாங்கள் சொல்லித்தான் கொடுத்தோம், நீங்கள் மாற்றிச் சாப்பிட்டுவிட்டீர்கள்" என்றார்களாம். பிறகு நிர்வாகியே கூப்பிட்டு, ஒரு தொகை தருகிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "அது டூப்ளிகேட் மாத்திரை" என்கிறார். தங்கை, "கேன்சர் மருந்தைப் போய் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்" என்று அழுகிறார். வாசலில் தேசிய தரச்சான்றுப் பலகை இருந்ததே, பிறகு எப்படி இது நடந்தது? வழக்குப் போடலாமா? போட்டால் அந்த இளைஞனின் வேலை போய்விடுமா? படித்த நானே டாக்டர் சீட்டைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே, இது என் தவறுதானா? இவை அவர் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க அதுதான் ஓடுகிறது. நான் இருபது வருடங்களுக்கு மேல் மருத்துவமனை மருந்தகங்களில் வேலை பார்த்தவன். மருந்து வாங்கிய யாரும் வீட்டில் போய் டாக்டர் சீட்டைப் படித்து நான் பார்த்ததில்லை. கவரைத்தான் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள் டிக்கைப் பார்ப்பார்கள். கவர் இருப்பதே அதற்குத்தான். 'ஓ.டபிள்யூ' என்றால் வாரம் ஒருமுறை, 'ஓ.டி.' என்றால் தினம் ஒருமுறை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இல்லை. அது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

நீங்கள் இணைத்து அனுப்பிய படங்களில் சீட்டை உற்றுப் பார்த்தேன். மருத்துவர் மருந்தின் முழுப் பெயரை எழுதவில்லை; 'எம்.டி.எக்ஸ்' என்று மூன்று எழுத்துதான் இருக்கிறது. பக்கத்தில் 'ஓ.டபிள்யூ' என்பதன் கடைசி எழுத்து, அவசரமாகப் பார்த்தால் 'டி' மாதிரிதான் தெரிகிறது. இந்த மூன்றெழுத்துச் சுருக்கம், தவறு நடக்க வழிவிடும் சுருக்கங்கள் என்று உலகம் முழுக்க ஒதுக்கச் சொல்லும் பட்டியலில் இருப்பது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் நெறிமுறையிலும் மருந்துகளை மூலப் பெயரில், தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-ல் சேர்த்தார்கள். ஆகவே பிழை கவுன்ட்டரில் தொடங்கவில்லை, மாடியில் ஓ.பி. அறையிலேயே தொடங்கிவிட்டது. கவுன்ட்டரில் அதைப் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை.

மாத்திரை போலியா?

இல்லை. சொல்லப்போனால், மாத்திரை அசலாக இருந்ததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது. போலியாக இருந்திருந்தால் பதினோரு நாளில் மூட்டு வலி குறையாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். வாய்ப்புண், வெள்ளை அணு இறக்கம், தட்டணு இறக்கம் மூன்றும் சேர்ந்து வருவது மெத்தோட்ரெக்சேட் அளவு மீறியதன் கையெழுத்து. வாரத்துக்கு 10 மில்லிகிராம் போக வேண்டிய உடம்பில் பதினோரு நாளில் 110 போயிருக்கிறது.

இந்த மருந்து உடம்பில் ஃபோலிக் அமிலம் வேலை செய்யும் பாதையை அடைக்கிறது. வேகமாகப் பெருகும் செல்களுக்கு அந்தப் பாதை வேண்டும். வாயின் உள்தோலும் ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டவை, அதனால் அடி முதலில் அங்கே விழுகிறது. வாரத்தில் ஒருநாள் கொடுத்தால் மற்ற ஆறு நாளில் அவை எழுந்துகொள்ளும். தினமும் கொடுத்தால் எழ நேரமே இல்லை. அந்த ஆறு நாள் பாதுகாப்புக்காகத்தான் ஃபோலிக் ஆசிட் தருகிறோம். உங்கள் அம்மாவுக்கு ஆயுதம் தினமும் கேடயம் வாரம் ஒருமுறையும் ஆகிவிட்டது. இரண்டாவது மருத்துவமனையில் போட்ட லூகோவோரின் ஊசி அதற்கான முறிமருந்து. ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. அவர்கள் நேரத்தில் கண்டுபிடித்தது பெரிய விஷயம்.

இங்கே ஒரு செய்தி. இடம் மாறிய இந்த இரண்டு மாத்திரைகளும் ஏறக்குறைய ஒரே வீட்டுப் பிள்ளைகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகம்தான் 1940-களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதை எதிர்க்கும் மருந்துகளையும், மெத்தோட்ரெக்சேட் உட்பட, அங்கேயே செய்தார்கள். வேதி அமைப்பில் அண்ணன் தம்பி, வேலையில் எதிரிகள். நம் ஊர்க் கடைகளில் மெத்தோட்ரெக்சேட்டின் சில பிராண்ட் பெயர்களே 'ஃபோலி' என்று தொடங்குவது இந்த உறவால்தான். அது எவ்வளவு ஆபத்தான பெயர் ஒற்றுமை என்று யோசித்துப் பாருங்கள். ஒரே சீட்டில் இரண்டு 'ஃபோலி', ஒன்று தினம், ஒன்று வாரம்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த இன்னும் ஒரு வழி இருக்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940, பிரிவு 26-ன்படி மருந்து வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் அதைப் பரிசோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். உங்கள் விஷயத்தில் அதற்குப் பணமும் நேரமும் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மிச்ச மாத்திரைகள் உங்களுக்கு வேறொன்றுக்குத் தேவைப்படும்.

பில்லைப் பாருங்கள்

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. பில்லில் மெத்தோட்ரெக்சேட் 10 மில்லிகிராம் 30 மாத்திரை, ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் 5 மாத்திரை என்று இருக்கிறது. மருத்துவர் எழுதியது ஒரு மாதத்துக்கு. வாரம் ஒன்று என்றால் நான்கோ ஐந்தோ போதும். முப்பது எதற்கு?

"சொல்லித்தான் கொடுத்தோம், நீங்கள் மாற்றிச் சாப்பிட்டீர்கள்" என்ற பதில் இங்கேயே விழுந்துவிடுகிறது. நீங்கள் வீட்டில் கவரை மாற்றியிருந்தால் பில்லில் எண்ணிக்கை சரியாக இருந்திருக்கும். எண்ணிக்கையே மாறியிருக்கிறது என்றால், மருந்தை எடுத்தவரும் பில் போட்டவரும் இதைத் தினசரி மாத்திரை என்றே நினைத்திருக்கிறார்கள். உங்களிடம் மீதம் இருப்பது 19 மெத்தோட்ரெக்சேட் என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பதில் பதினொன்று போனால் பத்தொன்பது. கணக்கு நேராக இருக்கிறது.

அதனால் பில், இரண்டு கவர்கள், டாக்டர் சீட்டு, மிச்ச மாத்திரைகள், வெட்டின ஸ்ட்ரிப் எதையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். "சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் என்றால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். இன்றைக்கே படம் எடுத்து, நகலும் எடுத்துவிடுங்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அண்ணி கர்ப்பமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் இந்த மாத்திரையைக் கையால் தொடாமல் இருப்பது நல்லது.

கவுன்ட்டரில் என்ன நடந்திருக்க வேண்டும்

தரம் என்றால் ஏசி போட்ட அறை, பளபளக்கும் கண்ணாடி அலமாரி என்று பலர் நினைக்கிறார்கள். ஏசியும் வேண்டும்தான், இன்சுலின் மாதிரி மருந்துகளுக்கு 2 முதல் 8 டிகிரி வரை காக்கும் குளிர்பெட்டியும், அதன் வெப்பநிலையைத் தினம் எழுதிவைக்கும் பதிவேடும் வேண்டும். ஆனால் புறநோயாளி மருந்தகத்தில் உயிரைக் காப்பது பெரும்பாலும் இதைவிடச் சாதாரணமான சில பழக்கங்கள்.

முதலில், ஆள். மருந்துச் சீட்டின் பேரில் மருந்து வழங்குவது பதிவு பெற்ற மருந்தாளுநரின் வேலை என்று மருந்தியல் சட்டம், 1948, பிரிவு 42 சொல்கிறது. மற்றவர்கள் உதவலாம், ஆனால் அவரது நேரடி மேற்பார்வையில். 2015-ல் வந்த மருந்தியல் பணி ஒழுங்குமுறைகளின்படி அவர் பெயரும் பதிவு எண்ணும் உள்ள அடையாள வில்லையோடு, தூய மேலங்கி அணிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்த இளைஞர் டீ-ஷர்ட்டில் இருந்தார், வில்லை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பதிவு பெற்றவர்தானா என்பது நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அடுத்து, சந்தேகம். மெத்தோட்ரெக்சேட் உயர் எச்சரிக்கை மருந்து, அதாவது தவறாகக் கொடுத்தால் பெரிய கேடு செய்யும் மருந்து. நல்ல மருந்தகத்தில் அது மற்ற மாத்திரைகளோடு அகர வரிசையில் உட்காராது. தனி இடம், சிவப்பு ஒட்டுத்தாள், ஒருவர் எடுத்ததை இன்னொருவர் பார்த்த பிறகுதான் கவருக்குள் போகும். தினசரி என்று யாராவது கணினியில் அடித்தால் மென்பொருளே நிறுத்திக் கேட்கும்படி வைக்கலாம். சீட்டில் ஐயம் இருந்தால் இன்டர்காமில் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மதியம் ஒன்றரை மணிக்கு, எதிரே நாற்பது பேர் டோக்கனோடு நிற்கும்போது அந்தப் போனை எடுப்பதற்குத் தைரியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். "என்னய்யா, இதுகூடத் தெரியாதா" என்று டாக்டர் திட்டுவார் என்ற பயமும் தெரியும்.

மூன்றாவது, எனக்குப் பெரிய ஆதங்கமாக இருக்கும் விஷயம்: அந்தக் கவர். நம் ஊர் மருந்துக் கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் இருக்கும். சாப்பாட்டுக்கு முன், பின் என்று இரண்டு. 'வாரம் ஒருமுறை' என்பதற்குக் கட்டம் கிடையாது. வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மாத்திரையை அந்தக் கவரில் போட்ட உடனே அது பாதி தினசரி மாத்திரை ஆகிவிடுகிறது. டிக் போட வேறு இடமில்லை. கூட்டத்தில் இருப்பவன் கை தானாக 'இரவு' கட்டத்துக்குத்தான் போகும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதற்காக மஞ்சள் நிறத்தில் தனிக் கவர் அடித்தோம். மேலே பெரிய எழுத்தில் 'வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும்', கீழே ஏழு கிழமைகள். ஒன்றை வட்டமிட வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் கவர் அச்சடித்த செலவு ஒரு நாள் டீச் செலவைவிடக் குறைவு. அதற்கு ஒப்புதல் வாங்க ஐந்து மாதம் ஆனது, அது வேறு கதை.

கடைசியாக, வாய். மருந்தாளுநர் நோயாளியிடம் மருந்தின் பெயர், எதற்கு, எப்படி, எவ்வளவு நாள், என்ன தொந்தரவு வந்தால் உடனே வர வேண்டும் என்றெல்லாம் விளக்க வேண்டும் என்று அந்த 2015 ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. விளக்குவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: "அம்மா, இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்பது. "தினம் ராத்திரி ஒண்ணு" என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார். பத்து விநாடியில் எல்லாம் வெளிவந்திருக்கும்.

வாசலில் இருந்த பலகை

மருத்துவமனைகளுக்குச் சான்று தரும் தேசிய தரச்சான்று வாரியம் (என்.ஏ.பி.எச்.) வைத்திருக்கும் விதிகளில் மருந்து மேலாண்மைக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. உயர் எச்சரிக்கை மருந்துகளின் பட்டியல், பெயரிலும் தோற்றத்திலும் ஒன்றுபோல் இருக்கும் மருந்துகளைப் பிரித்து வைப்பது, வழங்கும் முன் சரிபார்ப்பது, நடந்த மருந்துப் பிழைகளைப் பதிவுசெய்து ஆராய்வது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தச் சான்று, மருத்துவமனை தானாக விரும்பிப் பெறுவது. தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்க்கும் நாளில் இந்த முறைகள் இருந்தன என்பதற்கான அத்தாட்சி அது. ஒவ்வொரு மதியமும் அவை நடக்கின்றன என்ற உத்தரவாதம் இல்லை.

ஆனாலும் அந்தப் பலகை உங்களுக்கு ஒரு பிடி. தரச்சான்று வாங்கிய மருத்துவமனை இப்படி ஒரு பிழையைப் பதிவுசெய்து, மூலகாரணத்தை ஆராய்ந்து, திருத்த நடவடிக்கை எடுத்ததற்கான எழுத்து இருக்க வேண்டும். "உங்கள் மருந்துப் பிழைப் பதிவேட்டில் இது ஏறியதா?" என்று கேளுங்கள். நிர்வாகத்துக்கு உடனே புரியும்.

அந்தத் தாளில் கையெழுத்து

இப்போதைக்குப் போடாதீர்கள். அவர்கள் காட்டிய தாளில், 'நோயாளி தரப்பில் மருந்தை மாற்றி உட்கொண்டதால்' என்ற வரியும், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதல் வரி உண்மையில்லை. இரண்டாம் வரி உங்கள் வழியை அடைக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போவது தவறே இல்லை. பல குடும்பங்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது தொகையைவிட முக்கியம். முதல் வரியை நீக்கிவிட்டு, சிகிச்சைச் செலவு முழுவதையும் தந்து, மருந்தகத்தில் என்ன மாற்றம் செய்தோம் என்று எழுத்தில் கொடுத்தால், ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கையெழுத்திடலாம். என் வீட்டில் நடந்திருந்தால் நான் இந்த வழியைத்தான் முதலில் முயல்வேன்.

உங்களுக்கு அவசரமும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தரலாம். மருத்துவமனைக்குச் செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. "மருத்துவமனை மேல் நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், 1995-லேயே வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்த்துவிட்டது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் இடங்கள்தான் விலக்கு.

ஒரு சிக்கல் மட்டும் சொல்லிவைக்கிறேன். பல மருத்துவமனைகளில் மருந்தகத்தை வெளியாள் ஒப்பந்தத்தில் நடத்துவார். "அது எங்களுடையதே இல்லை" என்று மருத்துவமனை கைவிரிக்கலாம். பில்லின் தலைப்பில் யார் பெயர், எந்த உரிம எண் இருக்கிறது என்று பாருங்கள். வேறு பெயர் என்றால் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

எங்கே, எந்த வரிசையில்

முதலில் மருத்துவமனை நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். நடந்ததைத் தேதி வாரியாக, கோபச் சொற்கள் இல்லாமல் எழுதுங்கள். பில்லில் உள்ள 30, 5 என்ற எண்களைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இரண்டாவது மருத்துவமனையிடம் உள்நோயாளிப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை. வெளியேற்றச் சுருக்கத்தில் (டிஸ்சார்ஜ் சம்மரி) 'மெத்தோட்ரெக்சேட் நச்சுத்தன்மை' என்று எழுதியிருந்தால் அதுவே உங்கள் மருத்துவச் சாட்சி.

மருந்தகம் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளருக்கு எழுதலாம். பதிவு பெற்ற மருந்தாளுநர் இருந்தாரா என்று பதிவேடுகளோடு சரிபார்க்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. மருத்துவமனை பற்றி மாவட்டத்தின் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். தேசிய தரச்சான்று வாரியமும் தன்னிடம் சான்று பெற்ற இடங்களைப் பற்றிய புகாரை வாங்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். மருத்துவமனையின் பதிலுக்குப் பதினைந்து நாள் பொறுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லி உங்கள் மாமா வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, இதில் யாருக்கும் தண்டனை இல்லை: மருந்து எச்சரிக்கைக் கண்காணிப்புத் திட்டம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே மருந்தால் வந்த பாதிப்பைச் சொல்லலாம். தமிழிலேயே படிவம் இருக்கிறது.

அம்மாவின் சிகிச்சை

"இனி அந்த மருந்தே வேண்டாம்" என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பயம் புரிகிறது. இது புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்து என்று உங்கள் தங்கை இணையத்தில் படித்ததும் உண்மைதான். ஆனால் முடக்குவாதத்துக்கு வாரம் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான் கொடுக்கிறார்கள். புற்றுநோயில் கொடுக்கும் அளவுகள் இதைவிட மிக மிக அதிகம். மூட்டு அரித்து விரல்கள் கோணிப்போவதைத் தடுக்க உலகம் முழுக்க முதலில் எடுக்கும் மருந்து இது. சிகிச்சை எதுவுமே இல்லாமல் விட்டால் அந்த அரிப்பு வலி இல்லாத நாட்களிலும் நடந்துகொண்டிருக்கும்.

மீண்டும் தொடங்குவதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை மூட்டுவாத நிபுணர் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சல்ஃபாசலசின், லெஃப்லுனோமைட், ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்று மாற்றுகள் இருக்கின்றன. அதே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புகார் கொடுத்தவர் என்று முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கத்தோடு அம்மா ஓ.பி.யில் உட்கார வேண்டாம். மிச்சமிருக்கும் அந்த 19 மாத்திரையில் இருந்து ஒன்றைக்கூட நீங்களாக எடுத்துத் தொடங்கிவிடாதீர்கள்.

ஒருவேளை மெத்தோட்ரெக்சேட்டையே தொடரச் சொன்னால், எந்தக் கிழமை என்று சீட்டில் முழு வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். ஒரே பலத்தில் உள்ள மாத்திரையையே ஒவ்வொரு முறையும் வாங்குங்கள். நம் நாட்டில் 2.5, 5, 7.5, 10 என்று பல பலங்களில் கிடைக்கிறது, பழைய ஸ்ட்ரிப்பும் புதிய ஸ்ட்ரிப்பும் கலந்தால் இன்னொரு குழப்பம். ஒரு மாதத்துக்குமேல் வாங்கி வைக்காதீர்கள். அம்மாவின் தினசரி மாத்திரை டப்பாவில் இதைப் போடாமல், உங்கள் பொறுப்பில் வைத்து, கொடுத்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். வேறு எந்த டாக்டரிடம் காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ போனாலும் இந்த மருந்தின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள்; கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண ஆன்டிபயாடிக் இதோடு சேர்ந்தால் சரியான அளவில் சாப்பிட்டாலும் ரத்த அணுக்கள் இறங்கலாம். வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் காரணமில்லாத ரத்தத் திட்டு, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். மணத்தக்காளி நல்ல கீரைதான், ஆனால் இந்த வாய்ப்புண்ணுக்கு அது போதாது.

அந்த இளைஞன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நானும் ஒரு தவறு செய்தேன். ஒரே நிறம், ஒரே அளவு ஸ்ட்ரிப். சர்க்கரை மாத்திரையில் 1 மில்லிகிராமுக்குப் பதில் 2 மில்லிகிராம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெரியவர் இரண்டு நாள் தலைசுற்றலோடு இருந்துவிட்டு, நல்ல வேளையாக மூன்றாம் நாள் ஸ்ட்ரிப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார். நான் பதிவு பெற்றவன்தான், வில்லையும் போட்டிருந்தேன். இரண்டு ஸ்ட்ரிப்பும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மேலதிகாரி என்னைத் திட்டித் தீர்த்தார். தட்டை மாற்றி வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொருவர் அதே தவறைச் செய்தார்.

ஆகவே நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் அவன் பெயர் தெரிந்தாலும் எழுதாதீர்கள். கவுன்ட்டர் எண், தேதி, நேரம், பில் எண், இவை போதும். யார் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்குக் கீழே மூன்று கேள்விகளை மட்டும் வரிசையாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் கவுன்ட்டரில் இருந்த பதிவு பெற்ற மருந்தாளுநர் யார், அவரது பதிவு எண் என்ன? மெத்தோட்ரெக்சேட்டை இரண்டாவதாகச் சரிபார்த்தவர் யார்? வாரம் ஒருமுறை மாத்திரைகளுக்கு உங்கள் கவரில் எந்தக் கட்டம்?